சாம்பல் லாரிக்கு நான் போட்ட விலை

நேற்று நம் வாட்ஸ்அப் குழுவில் தம்பி அருள் ஒரு கேள்வி போட்டிருந்தார். ஒரு லாரியின் கேபினுக்கு பாலிஷ் மெஷின் ஓட்டும்போது கை ஒரே இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டதாம். சூட்டில் விளிம்புப் பக்கம் பெயிண்ட் போய், அடியில் இருக்கும் பிரைமர் தெரிகிறது. வண்டிக்காரர் நாளைக்கு வருகிறார், பில்லை எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஒரு புண்ணியவான் பதில் எழுதியிருந்தார்: “வண்டி பழசு, பெயிண்ட் முன்னாடியே போயிருந்துச்சின்னு சொல்லிடு தல. டச்சப்புக்கும் சேத்து வாங்கிடு.” அந்தப் பதிலுக்கு வரிசையாகக் கட்டைவிரல்கள், சிரிப்புப் பொம்மைகள்.

நான் முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்திருப்பவள். குழுவில் யாருடைய காலை வணக்கத்துக்கும் பதில் வணக்கம் போடுவதில்லை என்று உங்களுக்கெல்லாம் என்மேல் வருத்தம் இருப்பதும் தெரியும். அந்தக் கட்டைவிரல்களைப் பார்த்ததும் முதலில் கோபம் வந்தது. அருளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் கீழே வைத்தேன். அதே ‘வண்டி பழசு’ வாக்கியத்தை மந்தாரக்குப்பத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னவள் நான். நான் எந்த முகத்தோடு அருளைத் திட்டுவது?

அதனால் அருளுக்கு மட்டும் எழுதாமல் குழுவிலேயே எழுதுகிறேன். இந்தக் குழுவில் நம் தொழில்காரர்கள் மட்டும் இல்லை, லாரி ஸ்டாண்டு டிரைவர்களும் ஓனர்களும் பாதிப்பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். நீளமாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்ளாமல் கடைசிவரை படித்துவிடுங்கள்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்ரோல் பங்கைத் தாண்டி, லாரி ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த வாட்டர் சர்வீஸ் என்னுடையது. இப்போது அதே இடத்தில் கண்ணாடிக் கதவு வைத்து டீட்டெய்லிங் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். நாங்கள் செய்ததும் அதே வேலைதான். கழுவி, கேபினுக்குள் துடைத்து, பாலிஷ் போட்டு, டயருக்குக் கறுப்படித்து, பார்த்தவர்கள் ‘புது வண்டியா?’ என்று கேட்கும்படி அனுப்பிவைப்போம். பொம்பளை லாரி கழுவுகிறாளா என்று வேடிக்கை பார்த்தவர்கள்தான் பிறகு சாவியை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

என் அப்பா சுரங்கத்தில் பர்மனன்ட். அவருக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், நான் வளர்ந்தது சுரங்கக் கம்பெனியின் நகரியத்தில், பிளாக் பிளாக்காகப் பிரித்த குவார்ட்டர்ஸில். கல்யாணமாகி மந்தாரக்குப்பம் வந்தபிறகும் ‘பிளாக்கிலிருந்து வந்த அக்கா’ என்றுதான் என்னைச் சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது ஒரு மரியாதை இருக்கும். அந்த மரியாதையை நான் சம்பாதிக்கவில்லை, சும்மா கிடைத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

விலை சொல்லும்போது என் கண் வண்டிமேல் இருக்காது, வண்டிக்காரரின் காலில் இருக்கும். ஷூவா, செருப்பா, செருப்பு என்றால் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்த்து விலை சொல்வேன். இதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்போடு ஒருத்தர் வந்தார். பாவம் என்று பாதி விலை சொன்னேன். அவருக்குச் சொந்தமாக ஒரு கல் குவாரியே இருந்ததாம். என் வீட்டுக்காரர் பல நாள் அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆளைப் பார்த்து விலை சொல்பவள், நேரம் வந்தால் ஆளைப் பார்த்துத்தான் உண்மையையும் சொல்வாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இனி சாம்பல் லாரிக்கு வருகிறேன்.

அனல் மின் நிலையத்திலிருந்து சாம்பல் ஏற்றும் டிப்பர் வந்தால் முதல் வேலை காற்று. கம்ப்ரசரைப் போட்டு மூலை முடுக்கெல்லாம் காய்ந்த சாம்பலை ஊதி வெளியேற்றிவிட்டு, அப்புறம்தான் தண்ணீர். நம் ஊர் சாம்பலில் தண்ணீர் பட்டால் சிமெண்டே தோற்றுப்போகும், வெயிலில் நின்றால் அப்படியே இறுகிவிடும். இதை நான் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மந்தாரக்குப்பத்தில் இட்லிக்கடை வைத்திருப்பவருக்குக்கூட இது தெரியும்.

ராஜவேலு என்று ஒரு ஓனர். பக்கத்து ஊர்க்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஆயுசெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிவேலை பார்த்தவர்கள். இவர் கான்ட்ராக்ட் லேபராக இருந்து, கடன் வாங்கி ஒரு பழைய டிப்பரை வாங்கினார். அதை ஓட்டியவர் பழனி, ராஜவேலுவின் தங்கையைக் கட்டியவர். ஆர்.சி. புக்கில் பெயர் ராஜவேலுவுடையது, உழைப்பு பழனியுடையது. கடன் அடைந்ததும் வண்டியில் பாதி பழனிக்கு என்று மச்சானும் மாப்பிள்ளையும் பேசிவைத்திருந்தார்கள். எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். கடன் அடைய அதிக நாளும் பாக்கி இல்லை. பழனியே இதை என்னிடம் ஒருதரம் டீ குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார், சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

பழனி வண்டியை வைத்திருக்கும் விதமே தனி. லோடு இறக்கியதும் பாடியைத் தட்டித் தட்டிச் சாம்பலை உதிர்த்துவிட்டுத்தான் கிளம்புவார். கண்ணாடி துடைக்கத் தனித்துணி, ஸ்டியரிங் துடைக்கத் தனித்துணி. மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். “பழனி, வண்டிய இடுப்புல தூக்கி வெச்சிக்கோ, கால் நோவப்போவுது” என்பார்கள்.

அன்று ஆயுத பூஜைக்கு முந்தின நாள். நம் தொழிலில் வருஷத்துக்கு ஒருமுறை வரும் கல்யாணம் அது. சைக்கிளிலிருந்து டாரஸ் லாரிவரை எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவ வேண்டும். விலையும் அன்றைக்குப் பூஜை ரேட்டு, சாதா நாளைப்போல ஒன்றரை மடங்கு. என் ஷெட்டிலிருந்து வரிசை பெட்ரோல் பங்குவரை போயிருந்தது. நகரியத்துக் கார்கள், ஸ்டாண்டு லாரிகள், வேன்கள் எல்லாம் கலந்து நின்றன.

முற்பகலில் பழனி டிப்பரைக் கொண்டுவந்து விட்டார். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு நின்றார்.

“அக்கா, நேத்து கடைசி லோடு எறக்கி தட்டறதுக்குள்ள கேட்ட மூடறோம்னு தொரத்திட்டாங்க. மூலைல கொஞ்சம் சாம்பல் நின்னுகினுருக்குது. பின்கதவு கீல்லயும் இருக்கும். காத்து புடிச்சிட்டு அப்புறமா தண்ணி வுடுங்க.”

“எங்களுக்குத் தெரியாதா பழனி? நீ போய்ப் பூஜைக்கு மாலை வாங்குற வழியப் பாரு” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போனார். என்னிடம் வேலை பார்த்த சரசு பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவளுக்கும் இது கேட்டது.

டிப்பரின் முறை வந்ததும் சரசு கம்ப்ரசரைப் போட்டாள். சாம்பல் புகைமாதிரி எழும்பியது. கழுவித் துடைத்து ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு வெள்ளைக் கார்மேல் அது படிந்தது. கார்க்காரர் நகரியத்து ஆள், காலில் பாலிஷ் போட்ட ஷூ. “என்ன மேடம் இது? இப்பத்தான் கழுவினீங்க, அதுக்குள்ள சாம்பல அடிக்கிறீங்களே. எங்களுக்கும் பூஜை ரேட்டுதானே போடறீங்க?” என்றார். வரிசையில் இன்னும் நாலு பேர் அதற்கு ஒத்து ஊதினார்கள்.

லாரிக்குக் காற்றடிக்க எப்படியும் அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரமும் இந்தப் பேச்சை நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தள்ளிக் கொண்டுபோய் ஸ்டாண்டில் நிறுத்தி ஊதியிருக்கலாம். கார்களைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லியிருக்கலாம். “ஐயா, சாம்பல் வண்டி என்றால் இப்படித்தான், பொறுங்கள்” என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சரசுவைப் பார்த்து, “காத்த நிறுத்து. நேரா தண்ணிய அடி” என்றேன்.

“அக்கா, சாம்பல்...” என்று அவள் இழுத்தாள்.

“கொஞ்சம்தான் இருக்கு. பிரஷர்ல போயிடும். அடி.”

அடித்தாள். கேபினை நன்றாகத்தான் செய்தோம். பாலிஷ் போட்டு, கம்பிகளைத் தேய்த்து, டயருக்குக் கறுப்படித்து, எதிர்வெயிலில் காயட்டும் என்று நிறுத்தினோம். பார்த்தால் கண் கூசியது. நான்கூட ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, பூஜை ரேட்டுக்கு மேலேயே கேட்கலாம் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் தாழும் நேரத்தில் ராஜவேலு வந்தார். கூடவே பழனியும் சாமந்தி மாலையோடும் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடும் வந்தார். பழனி வழக்கம்போலப் பின்பக்கம் போய்க் கதவின் கொக்கியைத் தட்டினார். அது அசையவில்லை. கீலெல்லாம் சாம்பல் இறுகிப் பாறையாக இருந்தது. பாடிக்குள் மூலைகளில் வெள்ளை வெள்ளையாகக் கெட்டித்துப் போயிருந்தது.

உளியும் சுத்தியலும் கொண்டு என் ஆட்கள் இரண்டு பேர் அதைச் செதுக்கினார்கள். வரிசை அப்படியே நின்றது. எல்லாரும் வண்டியை விட்டு இறங்கி வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். செதுக்கும்போது ஒரு கீல் காது உடைந்தது. பின்கதவில் பெயிண்டும் பெயர்ந்தது. என் மனசு அப்போது என்ன கணக்குப் போட்டது தெரியுமா? இரண்டு ஆள் கூலி, இந்த நேரத்தில் கழுவியிருக்கக்கூடிய வண்டிகள், உடைந்த கீல். இது யார் தலையில்?

பில்லைச் சொன்னேன். கழுவியது, பாலிஷ், அதோடு சாம்பல் செதுக்கியதற்குத் தனியாக ஒரு தொகை.

ராஜவேலு திகைத்துப்போனார். “ஏங்க்கா, இவ்ளோவா?”

சுற்றிலும் அத்தனை முகங்கள். அந்த ஷூ போட்டவர் இன்னும் போகவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது என்று சொன்னால், அடுத்து நிற்கும் ஒவ்வொருத்தரும் தன் வண்டியைக் குனிந்து குனிந்து பார்ப்பார், விலையில் கை வைப்பார் என்று பயந்தேன். வாயில் சட்டென்று வந்தது இதுதான்.

“வண்டி பழசு ராஜவேலு. டிரைவர் லோடு இறக்கிட்டு ஒழுங்கா தட்டறதில்ல. சாம்பல் நாள்கணக்கா உள்ளேயே நின்னு கெட்டியாகிக் கிடந்திருக்கு. அதை எடுக்கிறதுக்கு நாங்க என்ன பாடு பட்டோம்னு நீயே பாத்தியே.”

பழனி மாலையைக் கையில் வைத்துக்கொண்டே முன்னால் வந்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. நான் ஏதோ மறந்துவிட்டேன், ஞாபகப்படுத்தினால் போதும் என்கிற மாதிரிதான் பேசினார்.

“அக்கா, வண்டி வுடும்போதே சொன்னேன் இல்லைங்களா? மூலைல சாம்பல் இருக்குது, காத்து புடிச்சிட்டு தண்ணி வுடுங்கன்னு?”

ராஜவேலு என் பக்கம் திரும்பினார். “சொன்னானாக்கா?”

தம்பிகளே, இங்கேதான் நில்லுங்கள். முதலில் சொன்ன பொய் வாய் தவறி வந்தது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். இப்போது என்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ஒற்றை வார்த்தையில் பதில். ஆமாம் என்றால் எனக்குக் கொஞ்சம் காசு போயிருக்கும், கொஞ்சம் கேலிப்பேச்சு கிடைத்திருக்கும், பூஜை முடிந்து எல்லாரும் மறந்திருப்பார்கள். அந்த நேரத்தில் நான் எதைப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழனியின் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

“அப்படி எதுவும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லையே” என்றேன்.

சரசு கையில் பிரஷ்ஷோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் யாரோ, “அக்கா எதுக்குப் பொய் சொல்லப்போறாங்க?” என்றார்கள். பிளாக்கிலிருந்து வந்த அக்கா அல்லவா? எனக்கு ஒரு சாட்சியும் தேவைப்படவில்லை. பழனிக்குச் சாட்சி இருந்தும் அவள் வாயைத் திறக்க முடியவில்லை, ஏனென்றால் அவளுக்குச் சம்பளம் கொடுப்பவள் நான்.

ராஜவேலு மாப்பிள்ளைமேல் கையை ஓங்கிவிட்டார். பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். “ஒன்ன நம்பி வண்டிய குட்த்தேன் பாரு. வேலையும் செய்யாம, செய்யலன்னும் ஒத்துக்காம, ஒரு பொம்பளைய பொய்க்காரி ஆக்கற. இனிமே இந்த வண்டில ஏறாத” என்றார்.  பழனி மாலையைப் பம்பர்மேல் வைத்தார், எலுமிச்சம்பழப் பையைக் கீழே வைத்தார், ரோட்டைக் கடந்து போய்விட்டார்.

ராஜவேலு நான் கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “மன்னிச்சிக்குங்க அக்கா, பூஜை நாளும் அதுவுமா ஒங்களுக்கு வேல வெச்சிட்டான்” என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் “பரவாயில்ல” என்றேன்.

மறுநாள் ஸ்டாண்டில் பூஜை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கி வண்டியை நகர்த்துவது எப்போதும் டிரைவர்தான். அன்றைக்கு ராஜவேலு தானே ஏறி உட்கார்ந்தார். அவருக்கு ஓட்டிப் பழக்கம் குறைவு, ஒரு பழம் நசுங்காமல் உருண்டு ஓடியது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் அவர் ஷெட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த பொரியையும் சுண்டலையும் சாப்பிட்டேன். தொண்டையில் சிக்கியது என்று எழுத ஆசைதான். சிக்கவில்லை, நன்றாகவே இறங்கியது. அன்றைக்கு எனக்கு வெட்கம்கூட வரவில்லை, தப்பித்தேன் என்று நிம்மதிதான் இருந்தது.

சரசு மட்டும் சாயங்காலம் என்னிடம், “அக்கா, அவரு சொன்னாருல்ல” என்றாள். “வேலையைப் பாரு” என்றேன். அவள் வேலையைப் பார்த்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? ஒரு வாரத்துக்குள் ஸ்டாண்டில் பழனிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். உங்களில் பலருக்கு அவரை அந்தப் பெயரில் மட்டும்தான் தெரியும். சிமெண்ட் பழனி. ஆமாம், அவரேதான். இப்போதும் சாம்பல் லாரி ஓட்டிக்கொண்டு உங்கள் ஷெட்டுகளுக்கு வருகிறாரே, கம்ப்ரசரை நிறுத்தும்வரை சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாரே, நீங்கள் ஒருத்தருக்கொருத்தர் கண்ணடித்துக்கொள்கிறீர்களே, அவர்தான். கிறுக்கு பிடித்த மனுஷன் என்று நினைத்திருப்பீர்கள். ஏன் அப்படி நிற்கிறார் என்றும், ஏன் அந்தப் பெயர் என்றும் யாரும் கேட்டதில்லை. அந்தப் பெயரை வைத்தது ஊர் என்றாலும் அதற்குக் காரணம் நான்.

அவர் வேறொரு ஓனரிடம் தினப்படிக்கு ஓட்டப் போய்விட்டார். கடன் அடைந்தபோது ராஜவேலுவின் வண்டியில் அவருக்குப் பாதி இல்லை. தங்கை அண்ணன் வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். புது ஓனருக்கு என் ஷெட்டில்தான் வாடிக்கை. அதனால் பழனி என்னிடமே வரவேண்டியதாயிற்று. வருவார், சாவியை என் கையில் தரமாட்டார், கம்ப்ரசர் பக்கத்தில் நிற்பார். அப்படி அவர் வந்து நிற்க நிற்கத்தான் எனக்கு மெல்ல மெல்ல உறைக்க ஆரம்பித்தது.

ஒருநாள் பில்லில் பாதியைக் குறைத்துச் சொன்னேன். அவர் பில் தாளை என் பக்கமே தள்ளினார்.

“வேல இன்னாவோ அதுக்கு வாங்கிக்கோங்கக்கா. கூடவும் வாணாம், கொறைச்சலும் வாணாம்.”

“இல்ல பழனி, நீ எவ்வளவு நாளா...”

“நா அன்னிக்கி ஒங்ககிட்ட காசா கேட்டேன்?” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. “சொன்னத சொன்னேன்னு சொல்ல சொன்னேன். அவ்ளோதான்.”

அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. ராஜவேலுவின் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். காற்றை நிறுத்தச் சொன்னது நான், பழனி சொன்னது என் காதில் விழுந்தது, செதுக்கியதற்கு நீ கொடுத்த காசு இதோ என்று எடுத்து வைத்தேன். ராஜவேலு அந்தக் காசைத் தொடவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“இத எடுத்துகினு போங்கக்கா” என்றார். “அத்தினி பேர் முன்னாடி நீங்க சொன்னீங்க. நா அத்தினி பேர் முன்னாடி அவன்மேல கைய ஓங்குனேன். இப்ப வந்து என் வூட்ல ஒக்காந்து காதுல சொல்றீங்க. நா போயி கூப்ட்டா ஊரு இன்னா சொல்லும்? போனா போவுதுன்னு மன்னிச்சி சேத்துகினான்னு சொல்லும். அவன் மன்னிக்கறாப்ல இன்னாக்கா செஞ்சான்? கூட்டத்துல சொன்னத கூட்டத்துல வெச்சி மாத்தி சொல்லுங்க. அப்பத்தான் அது நேராவும்.”

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வரப்போகிற ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அதே இடம், அதே வரிசை, அதே ஆட்கள் முன்னால் சொல்வதாக முடிவு செய்தேன்.

அந்த நாளும் வந்தது. வரிசை பெட்ரோல் பங்குவரை நின்றது. பழனி கம்ப்ரசர் பக்கத்தில், சாவி கையில். ராஜவேலுவும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தார், எதற்காக வந்தார் என்று எனக்குத் தெரியும். நான் மேஜையிலிருந்து எழுந்து, “எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க பாருங்க” என்றேன். பேச்சு நின்றது. அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. பழனியும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது, அது என் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை.

“இந்த வருஷம் பூஜை ரேட்டு கிடையாது. எல்லாருக்கும் சாதா ரேட்டுதான்” என்றேன்.

கைதட்டினார்கள். அக்கா மனசு பெருசு என்றார்கள். பழனி குனிந்து காற்றுக் குழாயை எடுத்துத் தன் வண்டியைத் தானே ஊத ஆரம்பித்தார். ராஜவேலு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வண்டி என் ஷெட் பக்கம் வரவே இல்லை.

அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு முட்டி போனது, ஷெட்டைக் கொடுத்தேன், வீட்டில் உட்கார்ந்தேன். வெட்கம் மட்டும் ஷெட்டோடு போகவில்லை, என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பாலிஷ் போட்ட லாரி ஒன்று தெருவில் போனால்கூட எனக்கு முகம் கூசுகிறது.

அருள், உனக்குச் சொல்கிறேன். வண்டிக்காரர் வரும்வரை காத்திருக்காதே, நீயே கூப்பிடு. “பெயிண்ட் என் கையால போச்சு” என்று சொல். அந்த விளிம்புக்குப் பெயிண்ட் அடிப்பது உன் செலவு. மற்றபடி நீ ஒழுங்காகச் செய்த வேலைக்கு முழு விலையும் வாங்கு, ஒரு ரூபாய் குறைக்காதே. தப்பை மறைத்து விலையைக் கூட்டுவது எப்படியோ, தப்பைச் சொல்லாமல் விலையைக் குறைப்பதும் அப்படித்தான். இரண்டையும் நான் செய்திருக்கிறேன். குறைத்தபோது கைதட்டல்கூடக் கிடைத்தது, அதனால் அது இன்னும் அசிங்கம். ‘வண்டி பழசு’ என்று நீ சொன்னால் அந்தப் பேச்சு உன்னோடு முடியாது. அந்த வண்டியை ஓட்டுகிற யாரோ ஒருத்தர் தலையில் போய் விழும், உனக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

இனி மற்றவர்களுக்கு. உங்கள் கைபேசியில் சிமெண்ட் பழனி என்று பதிந்துவைத்திருப்பவர்கள் முதல் வார்த்தையை அழித்துவிடுங்கள். அடுத்தமுறை அவர் வண்டியோடு வந்தால் அவர் இறங்குவதற்கு முன்னாலேயே கம்ப்ரசரைப் போடுங்கள்.

ராஜவேலு, நீயும் இந்தக் குழுவில் இருக்கிறாய். அன்றைக்கு வரிசையில் நின்றவர்களிலும் பாதிப்பேர் இருக்கிறார்கள். நீ அத்தனை பேர் முன்னால் கேட்ட கேள்விக்கு இப்போது அத்தனை பேர் முன்னால் பதில் சொல்கிறேன்.

ஆமாம், சொன்னார். மூலையில் சாம்பல் இருக்கிறது, காற்று பிடித்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள் என்று பழனி சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது.